நாயகியின் இடது கை

விடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் தெய்வநாயகி நாற்பது கூடை உப்பு சுமந்திருந்தாள். பாத்திக்குள் முழங்கால் வரை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் கணவன் புருஷோத்தமன் நீளக் காம்பு போட்ட மரப்பலகையால் உப்பை இழுத்துக் கரையோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தான். பலகை போய்வரும்போதெல்லாம் கண்ணாடித் தூளை அரைப்பதுபோல ஒரு சத்தம். ஒதுக்கிய ஈர உப்பைப் பெண்கள் கூடையில் வாரி, ஒருத்தி தூக்கிவிட இன்னொருத்தி தலையில் ஏற்றிக்கொண்டு, வரப்பு வழியாக நூறடி நடந்து மேட்டிலிருந்த அம்பாரத்தில் கொட்டினார்கள். பதினான்கு பெண்கள். அந்த வரிசையின் முதல் ஆளாக இருபது வருஷமாக நடப்பவள் நாயகி. அவள் வேகத்துக்குத்தான் மற்றவர்கள் நடந்தாக வேண்டும்.

அம்பாரத்தின் அருகில் மேஸ்திரி சேட்டு நின்றிருந்தார். கூடவே லோடு எடுக்க வந்த வியாபாரியின் ஆள். அந்த ஆள் குனிந்து எதையோ பார்த்தான். பிறகு சேட்டுவைக் கூப்பிட்டுக் காட்டினான். வெள்ளை உப்பின் மேல் குங்குமம் தெறித்ததுபோல நான்கைந்து சிவப்புப் புள்ளிகள்.

"யாரு கைம்மா இது?" சேட்டு சத்தமாகக் கேட்டார்.

பெண்கள் அப்படியே நின்றார்கள். ஏழெட்டுப் பேருக்காவது கையில் வெடிப்பு இருந்தது. சிலர் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டார்கள்.

"என் கைதான்," என்றாள் நாயகி. கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கைகளை நீட்டிக் காட்டினாள்.

கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் பிளந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. உள்ளங்கை முழுக்க வறண்ட ஏரியின் தரையைப்போல வெடித்து, ஓரங்கள் செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டிருந்தன. மணிக்கட்டுக்கு மேலேயும் சிவந்து தடித்திருந்தது. வியாபாரியின் ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இது திங்கற உப்பு நாயகி," சேட்டு குரலைத் தணித்துச் சொன்னார். "லோடு வேணாம்னு அவன் சொல்லிட்டான்னா முதலாளி என்னத்தான் கேப்பாரு. கை ஆறட்டும். ஆறின பொறவு வா."

"ஆற எத்தினி நாளாவும்னு தெரியலியே மேஸ்திரி."

"அதுக்கு நான் இன்னாம்மா பண்றது?"

அவர் மண்வெட்டியை எடுத்து அந்த இடத்து உப்பைச் சுரண்டி வாய்க்காலில் எறிந்தார். நாயகி தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்து உதறினாள். அடுத்து நின்ற விருத்தாம்பாளிடம் வந்தாள்.

"நீ முன்னால நட. அசைஞ்சி அசைஞ்சி நடந்து என் பேரக் கெடுத்துடாத."

விருத்தாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷோத்தமன் பலகையை நட்டு வைத்து அதன் மேல் கையை ஊன்றியபடி, மனைவி வரப்பில் தனியாக நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் திண்டிவனத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனார்கள். நல்ல மனுஷர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடி வைத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். என்ன வேலை, எத்தனை வருஷம் என்றெல்லாம் கேட்டார்.

"தோலுங்கிறது செங்கல் சுவரு மாதிரிம்மா. செங்கல் இருக்குது, நடுவுல இருந்த சிமென்ட் போயிடுச்சு. அதான் உள்ள இருக்கிற ஈரம் வெளிய போவுது, வெளிய இருக்கிற உப்பு உள்ள வருது. இந்தக் கிரீம் அந்தச் சிமென்ட் மாதிரி. தெனம் நாலஞ்சு வாட்டி தடவணும். சிவப்பு அடங்க இந்தச் சின்ன ட்யூபு, இது பத்து நாளைக்கு மட்டும். பெருசு, உப்புல வேல செய்யற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

கிளினிக்கை ஒட்டியிருந்த கடையில் அந்தப் பெரிய ட்யூபின் விலை எழுநூற்றுத் தொண்ணூறு. நூறு கிராம்.

அந்த ட்யூப் வேலை செய்தது. அதுதான் கஷ்டமாகிவிட்டது. நான்காம் நாளே எரிச்சல் குறைந்தது. ஒரு வாரத்தில் பிளவுகளின் வாய் கூடத் தொடங்கியது. ஒன்பதாம் நாள் ட்யூப் தீர்ந்தது. நாயகி அதைக் கத்தரிக்கோலால் நெடுக வெட்டி, உட்புறத்தில் ஒட்டியிருந்ததை வழித்து இன்னும் இரண்டு வேளை ஓட்டினாள். அதன்பின் தேங்காய் எண்ணெய் தடவினாள். பத்து நிமிஷத்தில் தோல் அதைக் குடித்துவிட்டு மறுபடி இழுத்துப் பிடித்தது. பக்கத்து வீட்டில் மஞ்சள் போடச் சொன்னார்கள். போட்ட கையை உதறிக்கொண்டே அரை நாள் திரிந்தாள்.

பன்னிரண்டாம் நாள் புருஷோத்தமன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு புது ட்யூபை எடுத்து வைத்தான்.

"ஏது?"

"வாங்கினேன்."

"எதுல வாங்கின?"

"சைக்கிளு சும்மாதான கெடந்துது."

அந்தச் சைக்கிளில்தான் அவன் உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். மூன்று கிலோமீட்டர்.

"இத எடுத்துனு போயி திருப்பிக் குடு."

"திருப்பி வாங்க மாட்டான் நாயகி. பூசிக்க."

"இது தீந்தா அடுத்தது எத விப்ப? வாரிப் போடற பலகையவா?"

ட்யூபை அவள் பிரிக்கவில்லை. கொடியில் தொங்கிய பைக்குள் போட்டாள்.

மரக்காணத்தில் மூன்று மருந்துக் கடைகளில் கேட்டாள். ஒரு கடையில் அதே ட்யூபைப் பத்து சதவீதம் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். இன்னொரு கடையில் அதைவிட விலை கூடிய ஒன்றைக் காட்டினார்கள். கூனிமேட்டில் ஒரு கடையில் இருக்கிற பெண் எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்லும் என்று விருத்தாம்பாள் சொன்னதால் பஸ் ஏறிப் போனாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சின்னக் கடை. கவுன்ட்டருக்குப் பின்னால் முக்காடு போட்ட, முப்பது வயது மதிக்கத்தக்க பெண். ரெஜினா என்று பெயர். பி.ஃபார்ம் படித்துவிட்டு மாமனாரின் கடையைப் பார்த்துக்கொள்கிறவள். நாயகி பையிலிருந்து ட்யூபை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள்.

"இந்த மருந்து வேணாம்மா. இது செய்யற வேலையச் செய்யற மாதிரி, எங்களால வாங்க முடியறது ஏதாவது இருந்தா சொல்லு."

ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள். அப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை. விலை அதிகம் என்று சொல்வார்கள், பாதி மாத்திரை போதும் என்பார்கள், பேசாமல் திரும்பிப் போவார்கள். அவள் ட்யூபைத் திருப்பிப் பொடி எழுத்தில் இருந்ததை எல்லாம் படித்தாள். பிறகு நாயகியின் கையை வாங்கிப் பார்த்தாள்.

"டாக்டரு எழுதினது நல்ல மருந்துதாங்கக்கா. அதக் கொற சொல்ல மாட்டேன். இது மூணு வேல செய்யுது. தோலு எழந்த கொழுப்பத் திருப்பிக் குடுக்கிறது ஒன்னு. வெலை அதுக்குத்தான். ரெண்டாவது, உள்ள இருக்கிற ஈரத்த மூடி வெக்கிறது. மூணாவது, வெளிய இருக்கிறது உள்ள வராமத் தடுக்கிறது."

அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்து ஒரு வெள்ளை டப்பாவை எடுத்துத் தூசியைத் துடைத்து வைத்தாள். "வெறும் பெட்ரோலியம் ஜெல்லி. வாசனை கெடயாது, கலர் கெடயாது. அரைக் கிலோ எரநூறு ரூபா. பின்னால சொன்ன ரெண்டு வேலையும் இது நல்லாவே செய்யும்."

"மொதல் வேல?"

"ஈரம் போவாம, உப்பு படாமப் பாத்துக்கிட்டா, அத தோலே மெள்ள மெள்ள செஞ்சிக்கும்."

நாயகி டப்பாவைத் திறந்து பார்த்தாள். "இவ்ளோ சல்லிசா இருக்குதே, ஏன் யாரும் எழுதல?"

"பிசுபிசுன்னு ஒட்டுங்க்கா. துணில படும். பல பேருக்குப் புடிக்காது."

"எங்களுக்கு ஒட்டினாத்தான் நல்லது. தண்ணியிலயே நிக்கறவங்க நாங்க."

ரெஜினா சிரித்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "காலையில உப்பளத்துக்குப் போனதுலேருந்து ஒன்னொன்னா சொல்லுங்க. கை எப்ப நனையுது, எப்ப காயுது?"

நாயகி சொன்னாள். ஐந்து மணிக்கு இறங்குவது, எட்டு மணி வரை ஈர உப்பு அள்ளுவது, எட்டு மணிக்குக் கஞ்சி, மறுபடி பதினொன்று வரை, பிறகு நடந்து வீட்டுக்கு.

"கஞ்சிக்கு முன்னால கைய எதுல கழுவுவீங்க?"

"வாய்க்காத் தண்ணியில."

"அது உப்புத் தண்ணிதான?"

"அங்க ஏதும்மா நல்ல தண்ணி? குடிக்க ஆளுக்கு ஒரு பாட்டிலு எடுத்துனு போவோம். அதுல வெரல் நுனிய மட்டும் நனைச்சிக்குவோம்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். தன் கையைப் பார்த்தாள். "அப்ப வீட்டுக்கு வர்ற வரைக்கும் உப்பு கையிலயே காஞ்சி கெடக்குது. எழுநூறு ரூபா மருந்தப் பூசினாலும் திரும்பவும் அப்பிடித்தான் கிழியும்."

"ஆமாக்கா," என்றாள் ரெஜினா. "அத டாக்டரும் கேக்கல, நானும் இப்பத்தான் கேட்டேன்."

செய்ய வேண்டியதை நாயகி ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டாள். நல்ல தண்ணியில் கழுவு. தேய்க்காதே, ஒத்தி எடு. ஈரம் இருக்கும்போதே கெட்டியாகப் பூசு. படுக்கும்போது பூசிப் பருத்திக் கையுறை மாட்டு. வேலைக்கு இறங்குமுன் ஒரு தடவை. பிளவில் சீழ் கண்டாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் ஓடு. எட்டாவது வரை படித்தவள் அவள். எழுதியதைக் கடையிலேயே ஒரு தடவை உரக்கப் படித்துச் சரிபார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் புருஷோத்தமன் வாங்கி வந்திருந்த ட்யூபைப் பிரித்தாள்.

"பரவால்ல, பூசிக்க மனசு வந்துச்சே," என்றான் அவன்.

"வலது கைக்கு இது. இடது கைக்கு டப்பா. பாக்கறேன், எது ஜெயிக்குதுன்னு."

பத்து நாள். இரண்டு கையையும் ஒரே தண்ணீரில் கழுவினாள். ஒரே துணியில் ஒத்தினாள். ஒரே நேரத்தில் பூசினாள். ஒன்று மாறிப் போய்விடக் கூடாதென்று இடது மணிக்கட்டில் ஒரு கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டாள். பாத்திரம் தேய்க்கிற வேலையைப் புருஷோத்தமன் எடுத்துக்கொண்டான். அவன் தேய்த்த குண்டானில் கரி அப்படியே இருந்தது. இடது கை முதல் மூன்று நாள் பின்தங்கியிருந்தது. ஐந்தாம் நாள் அதன் செதில்கள் உதிர்ந்தன. எட்டாம் நாள் கட்டை விரல் பிளவு இரண்டு கையிலும் மெல்லிய கோடாகிவிட்டிருந்தது.

பதினோராம் நாள் காலை கறுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டு விருத்தாம்பாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். ஒரு பழைய பெட்ஷீட்டுக்குள் கைகளை மாற்றி நுழைத்து, விரல்கள் மட்டும் தெரியும்படி நீட்டினாள்.

"இதுல எது எழுநூறு ரூபா கை, எது எரநூறு ரூபா கை, சொல்லுடி."

விருத்தாம்பாள் தடவிப் பார்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கூட உப்பு சுமக்கிற மாரியம்மாளைக் கூப்பிட்டாள். மாரியம்மாள் தன் மருமகளைக் கூப்பிட்டாள். மூவரும் பார்த்து ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். மருமகள் உறுதியாக, "இதான் காசு கொடுத்த கை" என்று தொட்டது இடது கை.

நாயகி பெட்ஷீட்டை உதறிவிட்டுச் சிரித்தாள். அந்தத் தெருவில் அவள் அப்படிச் சிரித்து அவர்கள் கேட்டு நாளாகியிருந்தது.

டாக்டர் திரும்பக் காட்டச் சொல்லியிருந்த நாளில் திண்டிவனம் போனாள். அவர் கைகளைத் திருப்பிப் பார்த்து, "பிரமாதம்! கிரீமை விடாம போடுங்க" என்று சீட்டை இழுத்தார். நாயகி பையிலிருந்து வெள்ளை டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். எந்தக் கைக்கு எது, எத்தனை நாள், எப்படிக் கழுவினாள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது போதும்மா உங்களுக்கு," என்றார் கடைசியில். "விலை கஷ்டம்னு அன்னிக்கே கேட்டிருந்தா நானே இத எழுதியிருப்பேனே."

"கேக்கலாம்னு தெரியாதுங்க டாக்டர்."

அவர் பழைய வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு டப்பாவின் பெயரை எழுதினார். அன்றைக்கு ஃபீஸ் வேண்டாம் என்றார். "வேலை செஞ்சிருக்கீங்க, வாங்கிக்கங்க" என்று நாயகி கொடுத்துவிட்டே வந்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று சேட்டு அவள் கையை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, எறங்கு" என்றார்.

"எறங்கறேன் மேஸ்திரி. கை கழுவ நல்ல தண்ணி வேணும். கஞ்சிக்கு முன்னால ஒரு வாட்டி, கரையேறும்போது ஒரு வாட்டி. ரோட்டாண்ட லாரி ஷெட்டுல மோட்டார் தண்ணி இருக்குதில்ல, அதுலேருந்து ஒரு பைப்பு இழுத்து வுடச் சொல்லுங்க."

"அது லாரி, ஜேசிபி கழுவறதுக்கும்மா. உப்புத் தண்ணி பட்டா இரும்பு அரிச்சிடுது."

"எங்கள அரிக்கலியா?"

சேட்டு செருப்பில் ஒட்டிய சேற்றை வரப்பில் தேய்த்தார். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். நான்கு நாள் கழித்து, அவ்வளவு தூரம் பைப்பு போட்டால் கட்டுப்படியாகாது என்று முதலாளி சொல்லிவிட்டதாக வந்து சொன்னார்.

அன்று சாயங்காலம் பெண்கள் எல்லோரும் குடிநீர்க் குழாயடியில் பேசி முடித்தார்கள். கூனிமேட்டில் பழைய சாமான் கடையில், ஜூஸ் கம்பெனியிலிருந்து வந்த நீல டிரம் ஒன்று நல்லதாகக் கிடைத்தது. புருஷோத்தமன் அதன் அடியில் துளை போட்டுப் பித்தளைக் குழாய் பொருத்தினான். மேட்டின் ஓரம் நான்கு கருங்கல் வைத்து அதன் மேல் டிரம்மை ஏற்றினார்கள். அன்றிலிருந்து பதினான்கு பெண்களும் ஆளுக்கொரு குடம் நல்ல தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். மூன்று கிலோமீட்டர். வந்ததும் டிரம்மில் ஊற்றிவிட்டுப் பாத்திக்குப் போனார்கள். ரெஜினா மொத்தமாகவே ஜெல்லி வாங்கி, லாபம் வைக்காமல் கொடுத்தாள். அவரவர் வீட்டுச் சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் நாயகி கரண்டியால் அளந்து போட்டாள். கஞ்சிக்கு உட்காரும்போது வரிசையாகக் கை கழுவி, ஒத்தி, பூசிக்கொண்டார்கள். "கல்யாணப் பொண்ணுங்க எல்லாம் வந்தாச்சா?" என்று ஆண்கள் கேலி பேசினார்கள். இரண்டாவது வாரம் அவர்களும் வரிசையின் கடைசியில் வந்து நின்றார்கள். தண்ணீர் வேண்டுமானால் குடம் எடுத்து வரச் சொன்னாள் நாயகி. எடுத்து வந்தார்கள்.

ரேஷன் கடை மெஷினில் மாரியம்மாளின் ரேகை இரண்டு வருஷமாக விழவில்லை. ஒவ்வொரு மாதமும் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து, துடைத்து, ஊதி, கடைசியில் பேரனை வரச் சொல்லி அவன் ரேகை வைத்து வாங்குவாள். அந்த மாதம் கட்டை விரலை வைத்தாள். மெஷின் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீச்சென்று கத்தியது. பச்சை விளக்கு எரிந்தது.

"வுழுந்துடுச்சு பாட்டி," என்றான் கடைக்காரன்.

"இன்னொரு வாட்டி வெக்கட்டுமா?"

"எதுக்கு?"

"சும்மாதான்டா," என்றாள் மாரியம்மாள். அரிசியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், அந்தக் கட்டை விரலை நிமிர்த்திப் பிடித்தபடி, நேராக நாயகி வீட்டுக்கு வந்து காட்டிவிட்டுப் போனாள்.

ஆடி மாதம் பிறக்கப் போகும் நேரம். உப்பை மொத்தமாக எடுக்கும் பெரிய கம்பெனி ஒன்று தொழிலாளர் வசதிகளைப் பார்க்க ஆள் அனுப்புவதாகத் தகவல் வந்திருந்தது. அவர்கள் சரி என்றால்தான் அடுத்த வருஷத்துக்கும் இந்த அளத்து உப்பை எடுப்பார்களாம். அந்த ஆள் வருகிற நாளன்று விடியும் நேரத்தில் பெண்கள் குடங்களோடு மேட்டில் ஏறியபோது நீல டிரம்மைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் பெரிய வண்ணப் படம் நின்றிருந்தது. கிட்டே போன பிறகுதான் டிரம்மைச் சுற்றி ஃபிளெக்ஸ் கட்டியிருப்பது தெரிந்தது. வெள்ளைச் சட்டையில் முதலாளி மார்பளவு நின்று கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல், 'தொழிலாளர் நலன் காக்கும் நன்னீர் வசதி' என்று சிவப்பு எழுத்து. குழாய்க்கு வழி விடுவதற்காகப் படத்தில் கூப்பிய கைகளுக்கு நடுவே பிளேடால் ஒரு சதுரம் வெட்டியிருந்தார்கள்.

"இன்னா மேஸ்திரி இது?" விருத்தாம்பாள் கத்தினாள்.

"ஒரு நாளைக்குத்தாம்மா," என்றார் சேட்டு. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அவங்க போனதும் கழட்டிடறேன்."

"எடுடி கொடத்த. ஒருத்தியும் ஊத்தாதீங்க. அந்தாளு படமே தண்ணி வார்க்கட்டும்!"

பெண்கள் தயங்கி நாயகியைப் பார்த்தார்கள். நாயகி படத்தை மேலிருந்து கீழ் வரை படித்தாள். பிறகு டிரம்மின் மூடியைத் திறந்து தன் குடத்தைச் சாய்த்தாள்.

"நம்ம கைக்கு நாம எடுத்துனு வந்த தண்ணி. இதுக்காவ கஞ்சிய உப்புக் கையில குடிக்கணுமா? ஊத்துங்க."

ஒவ்வொருத்தியாக ஊற்றினார்கள். விருத்தாம்பாள் கடைசியாக ஊற்றினாள்.

ஒன்பது மணிக்குக் காரில் வந்திறங்கிய அதிகாரியின் பெயர் வெற்றிச்செல்வன். இளைஞர். கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு நிழலுக்குக் கொட்டகை, முதலுதவிப் பெட்டி, கழிப்பறை என்று ஒவ்வொன்றாக விரலால் தட்டிக்கொண்டே வந்தார். டிரம் அருகில் நின்றார்.

"கை கழுவ நல்ல தண்ணி வசதி இருக்குதாம்மா?"

"இருக்குதுங்க," என்றாள் நாயகி. "நாங்க வெச்சது. டிரம்மு நாங்க வாங்கினது. தெனமும் தண்ணி நாங்க எடுத்துனு வர்றோம்."

சேட்டு தொண்டையைச் செருமினார். வெற்றிச்செல்வன் படத்தைப் பார்த்தார். வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த குடங்களைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, இதுல 'ஆம்', 'இல்லை' ரெண்டுதான் இருக்குது. நிர்வாகம் வெக்கலன்னா நான் 'இல்லை'ன்னுதான் போடணும். போட்டா மேல கேள்வி வரும். அடுத்த வருஷம் லோடு எடுக்கறது நின்னாலும் நிக்கும்." அவர் குரல் தாழ்ந்தது. "நீங்களே சொல்லுங்க. எது போடட்டும்?"

பதின்மூன்று பெண்கள் அவள் பின்னால் நின்றிருந்தார்கள். பாத்தியில் ஆண்கள் பலகையை நிறுத்திவிட்டார்கள். புருஷோத்தமன் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி இருக்குது. இருக்குதுன்னே போடுங்க," என்றாள் நாயகி. "ஆனா, நாங்களே தூக்கினு வர்ற தண்ணின்னும் அதுல எழுதுங்க."

"எழுத இடம் இல்லம்மா."

"ஒரு வரிதாங்க."

அவர் டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு கட்டங்கள் மட்டும் இருந்தன. அவர் சொன்னது பொய்யில்லை. பிறகு 'ஆம்' என்ற கட்டத்தைத் தொட்டார். அது பச்சையாயிற்று. அடுத்த பக்கம் புகைப்படம் கேட்டது.

"யாராவது ரெண்டு பேரு கை கழுவுற மாதிரி நில்லுங்க."

யாரும் அசையவில்லை. அவருக்காகக் காத்திருந்ததில் கஞ்சி வேளை தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கைகளில் உப்பு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது.

"மாதிரி எல்லாம் வேணாம். நெஜமாவே கழுவப் போறோம்," என்றாள் நாயகி. "வாங்கடி."

எப்போதும்போல அவள் முதலில் நின்றாள். மற்றவர்கள் அவள் பின்னால் வரிசையானார்கள். அவள் குனிந்து குழாயைத் திருகி, வெடிப்பு இல்லாத இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டினாள். வெற்றிச்செல்வன் ஒரு காலைப் பின்னால் வைத்து மூன்று படம் எடுத்தார். எடுத்ததைச் சேட்டு எட்டிப் பார்த்தார். படத்தில் நாயகியின் முகம் விழவில்லை. கைகள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் கைகளுக்கு மேலே முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கூப்பிய விரல்களுக்கு நடுவிலிருந்து, அவரே வார்ப்பதுபோல, நல்ல தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.